பழைய பேட்டரி விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுதல்: மாட்டுத்தாவணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பேட்டரியில் எரியும் பழைய விளக்கின் கூடு, கைப்பிடி, சுவிட்சு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஒளி தரும் பகுதியை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றுவது பார்வைக்குச் சிறிய வேலை. ஒரு சால்டரிங் கோல், ஒரு மல்டிமீட்டர், சில உதிரிப் பாகங்கள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படி மாற்றிய விளக்குகளில் பல சில மாதங்களிலேயே மங்கிவிடுகின்றன அல்லது பேட்டரியைக் கெடுத்துவிடுகின்றன. எல்.இ.டி., அதற்குச் செல்லும் மின்னோட்டம், பேட்டரி, சார்ஜர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதே இதற்கு முக்கியக் காரணம். எல்.இ.டி. மிச்சப்படுத்தும் மின்சாரத்தைக் கூடுதல் வெளிச்சமாகவும் செலவிடலாம், கூடுதல் நேரமாகவும் சேமிக்கலாம். இரவில் தொழில் செய்பவர்களுக்கு இரண்டாவது வழியே பயன் தரும். போதுமான வெளிச்சத்தை விடியும்வரை தருவதும், பேட்டரி முழுவதும் வற்றும் முன் தானே அணைவதும்தான் நல்ல மாற்றத்தின் அளவுகோல்.

வட்டாரமும் தேவையும்

மதுரை நகரின் வடகிழக்கில் உள்ள மாட்டுத்தாவணியில் 1999இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பூச்சந்தையும், மீனாட்சியம்மன் கோயிலருகே இருந்து இடம்பெயர்ந்த மத்தியக் காய்கறிச் சந்தையும் இப்போது அதன் அருகிலேயே இயங்குகின்றன. வெளியூர்ப் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இரவு முழுவதும் வந்து போவதால் இங்கே வேலை நள்ளிரவிலும் ஓய்வதில்லை. டீக்கடை, இட்லிக்கடை, பழ வண்டி, பூ கட்டி விற்பவர்கள் என மின் இணைப்பு இல்லாத இடத்தில் கடை போடும் பலருக்குச் சொந்த வெளிச்சம் வேண்டும். பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்துக்கு எமர்ஜென்சி லைட்டும், அதன் பின் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கும் வந்தன.

சந்தைக்கு வரும் பொருள்களின் பின்னாலும் கைவிளக்கு இருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டிய பூ. பொழுது விடியும் முன் தோட்டத்தில் இறங்கிப் பறித்தால்தான் காலை விலைக்குச் சந்தையில் சேர்க்க முடியும். பறிப்பவர்களின் இரு கைகளும் வேலையில் இருப்பதால், தலையில் கட்டும் விளக்கை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். பெரியாறு, வைகைப் பாசனத்தில் இரவில் மடை திறந்து நீர் பாய்ச்சச் செல்பவர்களுக்கும், இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடச் செல்பவர்களுக்கும் பாம்புக்கு அஞ்சி டார்ச் தேவைப்படுகிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாக வைகைக்கு வரும் இரவுகளில் வழிநெடுகத் தற்காலிகக் கடைகள் முளைக்கின்றன.

வீடுகளில் பேட்டரி விளக்குகள் குவிந்ததற்கு மின்வெட்டு முக்கியக் காரணம். 2008க்குப் பின் தமிழ்நாட்டில் மின் பற்றாக்குறை கடுமையானது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் சிறு கடைகளும் எமர்ஜென்சி லைட்டுகளை வாங்கின. பற்றாக்குறை தணிந்தபின் அவை பரணுக்குப் போயின. கூடு நன்றாகவும், பேட்டரி செத்தும், டியூப் கறுத்தும் கிடக்கும் அந்த விளக்குகளே இன்று மாற்றத்துக்கு வருபவற்றில் பெரும்பகுதி.

பழைய விளக்குகளின் வகைகள்

முதல் வகை, உலர் மின்கல டார்ச்சும் லாந்தரும். இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று பேட்டரி எண்ணிக்கையால் இவை அறியப்படுகின்றன. ஒரு கட்டை 1.5 வோல்ட். இரண்டு கட்டை டார்ச்சில் பெரும்பாலும் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பும், மூன்று கட்டையில் 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பும் இருக்கும். பல்பின் அடிப்பகுதி திருகும் மரையாகவோ விளிம்பு வைத்த உலோக வளையமாகவோ அமைந்திருக்கும். எவரெடியும், 1972இல் தொடங்கிய சென்னை நிறுவனமான இந்தோ நேஷனலின் நிப்போவும் தமிழ்நாட்டு ஊர்க்கடைகளில் நெடுங்காலம் புழங்கிய பேட்டரிகள்.

இரண்டாவது, எமர்ஜென்சி லைட். 4 அல்லது 4.5 ஆம்பியர்-மணி கொண்ட 6 வோல்ட் மூடிய ஈய-அமில பேட்டரியும், 6 அல்லது 8 வாட் கொண்ட ஒன்றிரண்டு சிறு டியூப்களும் இதில் இருக்கும். டியூப் எரிய உயர் மின்னழுத்தம் வேண்டும் என்பதால் ஒரு டிரான்சிஸ்டரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் கொண்ட இன்வெர்ட்டர் சுற்று உள்ளே அமைந்திருக்கும்.

மூன்றாவது, சூரிய ஒளி லாந்தர். மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் திட்டங்களில் வழங்கப்பட்ட பழைய மாதிரியில் 7 வாட் சி.எஃப்.எல்., 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 10 வாட் தகடு ஆகியவை இருந்தன.

நான்காவது, எல்.இ.டி. வந்த தொடக்கத்தில் பரவிய மலிவான சார்ஜர் டார்ச்சுகள். இவற்றில் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரியும், பக்கவாட்டில் நேரடியாக இணைத்த பல சிறு எல்.இ.டி.களும் இருக்கும். இவை ஏற்கெனவே எல்.இ.டி. விளக்குகள் என்றாலும், மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லாததால் இவற்றுக்கும் மறுசீரமைப்புத் தேவை.

எல்.இ.டி. தரும் வேறுபாடு

டார்ச் பல்பின் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிவிடுவதால் ஒரு வாட்டுக்குப் பத்து லூமன் அளவே ஒளி கிடைக்கும். சிறு டியூப் இதைவிட மேல் என்றாலும், இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்தால் வாட்டுக்கு 30 முதல் 40 லூமன்தான் எஞ்சும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. வாட்டுக்கு 100 லூமனும் அதற்கு மேலும் தருகிறது.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது, அது திறமாக அமைய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கண்டுபிடிப்புக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்தியாவில் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதல், 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலையை ஓரிரு ஆண்டுகளில் 38 ரூபாய் வரை இறக்கியது. எல்.இ.டி. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருளாக மாறியது இந்தக் காலத்தில்தான். பழுதுபார்ப்போர் கைக்கு உதிரிகள் எளிதில் எட்டின.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துதல்

இழை பல்புக்கும் எல்.இ.டி.க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கே இருக்கிறது. இழை சூடேறும்போது அதன் மின்தடை கூடி, மின்னோட்டம் தானே அடங்குகிறது. எல்.இ.டி.யில் நேர்மாறு. ஏறத்தாழ 2.8 வோல்ட் வரை வெள்ளை எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்தையே ஏற்கும். 3 வோல்ட்டைத் தாண்டியபின் சிறு மின்னழுத்த உயர்வுக்கும் மின்னோட்டம் வேகமாக எகிறும். சூடேறினால் அது ஏற்கும் மின்னழுத்தம் குறைந்து, மின்னோட்டம் மேலும் கூடும். பேட்டரியை எல்.இ.டி.யுடன் நேரடியாக இணைப்பது கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எளிய கட்டுப்பாடு ரெசிஸ்டர். பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்.இ.டி. வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுத்தால் தேவையான ஓம் கிடைக்கும். மூன்று கட்டை டார்ச்சின் 4.5 வோல்ட்டில் 3 வோல்ட் எல்.இ.டி.க்கு 0.1 ஆம்பியர் கொடுக்க 15 ஓம் வேண்டும். புதுக் கட்டையிலும் எல்.இ.டி. பாதுகாப்பாக இருக்கும், கட்டை வற்ற வற்ற ஒளி மெல்லக் குறையும், திடீரென அணையாது.

பேட்டரி வோல்ட் எல்.இ.டி. வோல்ட்டைப் போல இருமடங்காக இருந்தால் ரெசிஸ்டர் வீண்செலவாகிறது. 6.2 வோல்ட் பேட்டரியில் 3.1 வோல்ட் எல்.இ.டி. வைத்தால் மின்சாரத்தில் சரிபாதி ரெசிஸ்டரில் வெப்பமாகப் போய்விடும். இரண்டு எல்.இ.டி.களைத் தொடராக வைத்தால் 6.2 வோல்ட் தேவை. பேட்டரி சற்று இறங்கியவுடன் ஒளி மங்கிவிடும். ஆகவே 6 வோல்ட் விளக்குக்குப் பொருத்தமானது, மின்னழுத்தத்தை இறக்கி நிலையான மின்னோட்டம் தரும் பக் டிரைவர் போர்டு. இது 85 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரத்தை எல்.இ.டி.க்குக் கடத்தும்.

12 வோல்ட்டில் கணக்கு எளிது. மூன்று எல்.இ.டி.கள் தொடராக 9.3 வோல்ட் எடுக்கும். மீதியைச் சிறு ரெசிஸ்டர் தாங்கும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டியை மூன்று மூன்றாக மட்டுமே வெட்ட முடிவதன் காரணமும் இதுவே. இந்தப் பட்டியை 6 வோல்ட் எமர்ஜென்சி லைட்டில் ஒட்டினால் எரியாது, எரிந்தாலும் மினுக்கும்.

பல எல்.இ.டி.களைப் பக்கவாட்டில் இணைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். அவற்றின் வோல்ட் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாக வைத்தால் வோல்ட் குறைந்த எல்.இ.டி. அதிக மின்னோட்டத்தை இழுத்து முதலில் சாகும், அதன் பங்கு மற்றவற்றின் மேல் விழும். மலிவு டார்ச்சுகளில் எல்.இ.டி.கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைவது இப்படித்தான்.

கெட்டுப்போன வீட்டு பல்பின் எல்.இ.டி. தட்டைப் பேட்டரி விளக்கில் பயன்படுத்த முயல்வதும் உண்டு. அந்தத் தட்டில் உள்ள ஒரு சில்லுக்குள்ளேயே இரண்டு, மூன்று அல்லது ஆறு எல்.இ.டி.கள் தொடராக அமைந்திருக்கலாம். சில்லொன்றே 6, 9, 18 வோல்ட் கேட்கும். சில்லுகளும் தொடராக இணைந்திருப்பதால் முழுத்தட்டுக்குப் பல பத்து வோல்ட் தேவை. அளந்து பார்க்காமல் எடுத்தால் வேலை வீணாகும்.

வகைவாரியாக மாற்றும் முறை

இரண்டு கட்டை டார்ச்சில் புதுக் கட்டைகளே 3 வோல்ட்தான் தருகின்றன. எல்.இ.டி.யை நேரடியாக வைத்தால் சிறிது நேரத்தில் மங்கிவிடும். வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் சுற்று வேண்டும். திருகு அடியிலும் வளைய அடியிலும் இச்சுற்றோடு கூடிய எல்.இ.டி. பல்புகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. வாங்கும்போது அவை எத்தனை வோல்ட்டில் தொடங்கி எரியும் என்று பார்ப்பது அவசியம். நல்ல பூஸ்ட் சுற்று, ஒரு கட்டை 0.9 வோல்ட்டுக்கு இறங்கும் வரை சக்தியை உறிஞ்சித் தரும். இழை பல்புக்கு உதவாத கட்டையும் இதில் பல மணி நேரம் உழைக்கும்.

இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. டார்ச்சில் கட்டையின் மூக்கு பல்பை நோக்கி இருந்தால் பல்பின் அடிமுனை நேர்மின் முனை. கம்பி வைத்த லாந்தர்களில் ஹோல்டரின் நடுமுனை எதிராகவும் இருக்கலாம் என்பதால் முதலில் மல்டிமீட்டரால் அளந்துவிட வேண்டும். கட்டை கசிந்து தகடு துருப்பிடித்திருந்தால் துப்புரவு அதற்கடுத்த வேலை. துத்தநாக-கார்பன் கட்டையின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, சமையல் சோடா கரைசல் அதைச் சமன்செய்யும். ஆல்கலைன் கட்டையின் கசிவு காரம், அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பொருந்தும். பிறகு தகட்டை உப்புத்தாளால் தேய்த்து உலர்த்த வேண்டும்.

எமர்ஜென்சி லைட்டில் டியூப்களையும் இன்வெர்ட்டர் பகுதியையும் கழற்றிவிட்டு, டியூப் இருந்த இடத்தில் அலுமினியப் பட்டையில் எல்.இ.டி.களை அமைக்க வேண்டும். சார்ஜர் பகுதி பெரும்பாலும் அதே போர்டில் இருப்பதால், எந்தக் கம்பி எதற்கு என்று குறித்துக்கொண்ட பின்பே வெட்டலாம். பலனை ஒரு கணக்கால் அறியலாம். இரண்டு டியூப் விளக்கு ஏறக்குறைய 1.8 ஆம்பியர் இழுக்கும். 4.5 ஆம்பியர்-மணி என்பது பேட்டரியை 20 மணி நேரம் மெதுவாக வெளியேற்றும்போது கிடைக்கும் அளவு. இவ்வளவு வேகமாக இழுத்தால் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆகவே விளக்கு ஒன்றரை மணி நேரத்தில் அடங்கும். பக் டிரைவருடன் 0.45 ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. அமைப்பு 240 லூமன் அளவு ஒளி தரும். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியும். அதே எல்.இ.டி.யை ரெசிஸ்டரில் ஓட்டினால் அதே நேரத்துக்கு ஏறக்குறைய பாதி ஒளிதான் கிடைக்கும்.

சூரிய லாந்தரில் 7 வாட் சி.எஃப்.எல்.க்குப் பதில் 3 வாட் எல்.இ.டி. வைத்தால் ஒளி அதே அளவை நெருங்கும், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். 10 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளில் சுமார் 35 வாட்-மணி சேர்க்கும். சி.எஃப்.எல். அதை நான்கு மணி நேரத்தில் தீர்த்துவிடும், எல்.இ.டி. பத்து மணி நேரத்துக்கு நீட்டும். மழைமூட்டமான ஐப்பசி, கார்த்திகை நாள்களில் இந்த மிச்சம் மறுநாளுக்கும் உதவும்.

4 வோல்ட் டார்ச்சில் கருகிய சிறு எல்.இ.டி.களை நீக்கி, ஒரு வாட் எல்.இ.டி. ஒன்றை 10 ஓம் ரெசிஸ்டருடன் வைத்தால் 0.1 ஆம்பியரில் நீண்ட நேரம் எரியும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 4.8 வோல்ட் வரை உயரும் என்பதால், அப்போது விளக்கு எரியாதபடி சுவிட்சை அமைப்பது நல்லது.

சிக்னல் கைவிளக்குகள் இந்தப் பட்டியலில் சேராதவை. சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் இழை பல்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இழை ஒளியில் சிவப்பு நிறையக் கலந்திருக்கும். நீலச் சில்லும் பாஸ்பரும் சேர்ந்து தரும் வெள்ளையில் சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யை வைத்தால் ஒளி மிகவும் மங்கிவிடும். ரயில்வேயின் மூவண்ணக் கைவிளக்குகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எல்.இ.டி. பயன்படுவது அதனால்தான். உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த இத்தகைய விளக்குகளைத் தனியார் பட்டறையில் மாற்றக் கூடாது.

ஒளியின் பரவலும் நிறமும்

டார்ச்சின் பிரதிபலிப்புக் கிண்ணம் அதன் குவியப்புள்ளியில் உள்ள இழையின் ஒளியைச் சேர்த்து முன்னால் செலுத்துகிறது. இழை எல்லாத் திசையிலும் ஒளிரும், எல்.இ.டி. முன்பக்கம் 120 பாகை அளவுக்கே ஒளிரும். எல்.இ.டி. சில்லு குவியப்புள்ளியில் நிற்காவிட்டால் நடுவில் இருண்ட வளையம் தோன்றும். வாஷர் வைத்தோ தேய்த்தோ உயரத்தைச் சரிசெய்து, பத்தடி தள்ளியிருக்கும் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும். வயலுக்குச் செல்லும் டார்ச்சுக்குத் தூரம் எட்டும் குவிந்த ஒளி வேண்டும். பூப்பறிக்கும் தலைவிளக்குக்கு ஒரு முழத் தூரத்தில் கண் கூசாத பரந்த ஒளியே போதும்.

லாந்தரில் நான்கு பக்கமும் ஒளி விழ, அறுகோணத் தூணின் பக்கங்களில் எல்.இ.டி.களை ஒட்டுவது ஒரு வழி. மேல்நோக்கிய எல்.இ.டி.க்கு மேலே கூம்பு வடிவப் பிரதிபலிப்பான் வைப்பது மற்றொன்று. இரண்டிலும் பால்வெள்ளை மூடி அவசியம். மூடியில்லாத எல்.இ.டி. கண்ணைக் குத்தும், கடைக்கு வருபவரையும் முகம் திருப்ப வைக்கும்.

நிறத்தைத் தேர்வது தொழிலைப் பொறுத்தது. 6,500 கெல்வின் குளிர்வெள்ளையில் மல்லிகை பளிச்சென்று தெரியும், மொட்டின் பழுப்பும் மறையாது. அதே ஒளியில் கனகாம்பரமும் தக்காளியும் சிவப்புக் குறைவால் சோர்ந்து தெரியும். பல நிறப் பொருள் விற்பவர்களுக்கு நிறங்காட்டும் குறியீடு 80க்கு மேல் உள்ள, 4,000 கெல்வின் அளவிலான எல்.இ.டி. நல்லது. உணவுக் கடைக்கு 3,000 கெல்வின் மஞ்சள் ஒளி ஏற்றது. பூச்சிகளை நீல ஒளி அதிகம் ஈர்ப்பதால், மழைக்குப் பின் ஈசல் பறக்கும் இரவுகளில் மஞ்சள் விளக்குக்குப் பூச்சித் தொல்லை குறைவு.

வெப்பம்

எல்.இ.டி.யின் ஒளி சூடாக இருப்பதில்லை என்றாலும் சில்லு சூடேறும். அதற்குச் செல்லும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. அந்த வெப்பம் பின்புறம் வழியாக வெளியேறினால்தான் சில்லு பிழைக்கும். ஒரு வாட் எல்.இ.டி.யை அலுமினியத் தட்டில், வெப்பப் பசை தடவி இறுக்கமாகப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் கூட்டில் வெறுமனே ஒட்டினால் பாஸ்பர் நிறம் மாறி ஒளி நீலமாகும், பிறகு மங்கும். மதுரையில் கோடைப் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதால், 0.35 ஆம்பியர் தாங்கும் எல்.இ.டி.க்கு 0.2 ஆம்பியர் கொடுப்பது சிக்கனமான வழி. மின்னோட்டத்தைக் குறைத்தால் ஆயுள் கூடுவதோடு, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் கூடுகிறது.

பேட்டரியைக் காத்தல்

ஈய-அமில பேட்டரியை முழுவதும் வற்றவிட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் பேட்டரி சார்ஜ் ஏற்க மறுக்கும். டியூப் விளக்கில், வோல்ட் குறைந்ததும் டியூப் மினுக்கி அணைந்து ஓரளவு எச்சரிக்கை தந்தது. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்திலும் எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரியின் கடைசிச் சொட்டையும் இழுத்துவிடும். விளக்கை மாற்றியபின் பேட்டரி விரைவில் செத்தது என்ற குறை பெரும்பாலும் இதிலிருந்து பிறக்கிறது. 6 வோல்ட் பேட்டரி சுமையில் 5.6 முதல் 5.8 வோல்ட்டுக்கு இறங்கும்போது இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் போர்டைச் சேர்ப்பது இந்த மாற்றத்தின் இன்றியமையாத பகுதி. அந்தப் போர்டும் சிறிது மின்சாரம் எடுக்கும் என்பதால் சுவிட்சை அதற்கு முன்னால் வைக்க வேண்டும்.

பயன்படுத்தாமல் வைத்த பேட்டரியும் தானே வற்றும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 25 பாகைக்கு மேல் வெப்பம் ஏறக்குறைய பத்துப் பாகை கூடினால் இவ்வகைப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும். தகரக் கொட்டகையிலும் வெயில்படும் வண்டியிலும் பகல் முழுவதும் விளக்கை விட்டுவைப்பது அதன் ஆயுளைத் தின்கிறது.

பேட்டரி செத்திருந்தால் லித்தியம் வகைக்கு மாறலாம். இரும்பு பாஸ்பேட் லித்தியம் மின்கலம் 3.2 வோல்ட், இரண்டைத் தொடராக வைத்தால் 6.4 வோல்ட், பழைய 6 வோல்ட் விளக்குக்கு நெருக்கமான அளவு. நூற்றுக்கணக்கில் முடியும் ஈய-அமிலச் சுழற்சிகளுக்கு எதிராக இது ஆயிரத்துக்கு மேல் சுழற்சிகள் தாங்கும், வெப்பத்தையும் நன்கு பொறுக்கும். மடிக்கணினி பேட்டரிகளில் இருந்த 3.7 வோல்ட் உருளை மின்கலம் சிறிய இடத்தில் அதிகம் சேமிக்கும் என்றாலும், 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் தீப்பிடிக்கக்கூடியது. எந்த லித்தியமானாலும் பாதுகாப்புப் போர்டும் அதற்கே உரிய சார்ஜரும் வேண்டும். பழைய ஈய-அமிலச் சார்ஜரை அப்படியே இணைப்பது ஆபத்து.

சார்ஜரில் உள்ள ஆபத்து

பழைய எமர்ஜென்சி லைட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட சார்ஜர் இருந்தது. வீட்டு மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் இடையே அது தடுப்பாக நின்றது. பிற்கால மலிவு விளக்குகளில் ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டிலிருந்தே சார்ஜ் ஏற்றப்படுகிறது. இதில் தடுப்பு ஏதும் இல்லை. பிளக் சுவரில் இருக்கும்போது பேட்டரி முனை, எல்.இ.டி. தட்டு, அதைத் தாங்கும் அலுமினியம் என எதைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. இத்தகைய விளக்கில் உலோகக் கூடோ வெளியே தெரியும் அலுமினியமோ சேர்க்கக் கூடாது. அந்தச் சுற்றை அகற்றிவிட்டுத் தனி அடாப்டர் வைப்பதே சரி. பிளக்கைக் கழற்றியபின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதையும் பழுதுபார்ப்பவர் மறக்கலாகாது.

6 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு அன்றாடச் சார்ஜ் 7.2 முதல் 7.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். தொடர்ந்து சுவரில் மாட்டிவைப்பதானால் 6.8 வோல்ட். பழைய சார்ஜர்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லாததால், இரவு முழுவதும் மாட்டிவைத்த பேட்டரி உப்பிப் போகிறது. 4.5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியருக்கு உட்பட்ட மின்னோட்டம் போதும்.

எதை மாற்றலாம், எதை விடலாம்

கூடு உடையாமலும், சுவிட்சு உறுதியாகவும், பேட்டரி அறை துருவரிக்காமலும் இருக்கும் விளக்கு மாற்றத்தக்கது. பித்தளை, எஃகு டார்ச்சுகளும் கனமான பழைய எமர்ஜென்சி லைட்டுகளும் இவ்வகையில் சேரும். அவற்றின் உலோக உடலே எல்.இ.டி.யின் வெப்பத்தை ஆற்றும். பேட்டரி, சார்ஜர், எல்.இ.டி. மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவில் புது விளக்கே வாங்கிவிடலாம். அப்போதும், இரவு முழுவதும் எரிய வேண்டிய வண்டிக்கடைக்குப் பெரிய பேட்டரி வைக்க இடமுள்ள பழைய கூடு உதவும். கடையில் விற்கும் சிறு விளக்குகளில் அந்த இடம் கிடைப்பதில்லை.

கழிவு

கழற்றிய டியூபிலும் சி.எஃப்.எல்.லிலும் பாதரசம் உண்டு. உடைக்காமல் அட்டையில் சுற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்க்க வேண்டும். ஈய-அமில பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. ஆனால் அதைக் கையால் உடைத்து அமிலத்தைக் கொட்டி ஈயத்தை உருக்குவது அதைச் செய்பவரின் உடலையும் அக்கம்பக்கத்து மண்ணையும் நஞ்சாக்கும். 2001இல் ஈய பேட்டரிகளுக்கு வந்த விதிகளுக்குப் பதிலாக, எல்லாவகை பேட்டரிகளையும் உள்ளடக்கிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்தன. உற்பத்தியாளரே பழையதைத் திரும்பப் பெறப் பொறுப்பு என்று அவை கூறுகின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை முழுதாகக் கொடுப்பது எளிய வழி.

மாற்றியபின் சோதனை

முழுச் சார்ஜில் விளக்கை ஏற்றி, எல்.இ.டி.க்குச் செல்லும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். கணக்கிட்ட அளவைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் கழித்து அலுமினியத் தட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; கை வைக்க முடியாத சூடு இருந்தால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும் அல்லது தட்டைப் பெரிதாக்க வேண்டும். பின்னர் தானே அணையும்வரை எரியவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அணைந்தபோது பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறி முடியும்போது வோல்ட் வரம்பில் நிற்கிறதா என்பது இறுதிச் சோதனை. இந்த நான்கு அளவுகளையும் தாளில் எழுதிக் கூட்டின் உள்ளே ஒட்டிவைத்தால், அடுத்த முறை அதைத் திறப்பவர் பழுது எல்.இ.டி.யிலா பேட்டரியிலா சார்ஜரிலா என்பதை அளவுகளை ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம்.